மூட்டுவலி மாத்திரையை நிறுத்தியதும் அம்மா ஏன் சுருண்டு விழுந்தார்?

கேள்வி: டாக்டர், நாங்கள் பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. தொழிற்சாலையில் பல வருடம் நின்றே வேலை செய்ததால் முட்டி வலி. இரண்டரை வருடத்துக்கு முன்பு பக்கத்து வீட்டு அக்கா பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்ற மூலிகை மாத்திரையைக் கொடுத்தார். இரண்டே நாளில் வலி போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் ஒன்று, வலி கூடினால் இரண்டு. கொஞ்ச நாளில் அம்மாவின் முகம் உருண்டையாகிவிட்டது. "நல்லா சதை போட்டுட்டீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது வயிறு பெருத்து, கை கால் மட்டும் மெலிந்திருக்கிறது. லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் கன்றிப் போகிறது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. போன வருடம் இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் வந்துவிட்டன. தைராய்டாக இருக்கும் என்று பரிசோதித்தோம், சரியாக இருக்கிறது என்றார்கள். போன மாதம் எனக்குச் சந்தேகம் வந்து மாத்திரை எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். நான்காம் நாள் அம்மா வாந்தி எடுத்து, தலை சுற்றி, படுக்கையிலிருந்து எழவே இல்லை. அக்கா இன்னொரு பொட்டலம் கொடுத்தார். ஒரு மாத்திரை சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இந்த மருந்துதான் அம்மா உடம்புக்கு ஒத்துக்கிது" என்கிறான் தம்பி. நான் செய்தது தப்பா? அம்மாவுக்கு என்ன நோய்? வருடா வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுபவர், அடுத்த முறை ஏற முடியுமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விளக்கம் எல்லாம் அப்புறம். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை அந்த மாத்திரையை மறுபடியும் திடீரென்று நிறுத்தாதீர்கள். அதற்காக அதையே தொடரலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அளவு தெரிந்த சரியான மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்த வேண்டும். மீதி மாத்திரை, பொட்டலம், அட்டை, காலி டப்பா எது இருந்தாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இதற்கிடையில் வாந்தி திரும்பினாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, பேச்சு தடுமாறினாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உங்களுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை பக்கம்தான். அங்கே பதற்றத்தில் சொல்ல மறந்துவிடக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "எமாக் சாயா டா லாமா மாக்கான் உபாட் ஜாமு, முங்கின் அடா ஸ்டெராய்ட்." அதாவது, அம்மா நெடுநாளாக ஜாமு மருந்து சாப்பிடுகிறார், அதில் ஸ்டெராய்டு இருக்கலாம். இந்த ஒரு வாக்கியம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சரி, இப்போது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

மாத்திரையைச் சோதிக்காமல் அதில் என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு அறிகுறியும் ஒரே திசையைத்தான் காட்டுகிறது. அந்த மாத்திரையில் ஸ்டெராய்டு கலந்திருக்க வேண்டும், பெரும்பாலும் டெக்சாமெத்தசோன். மூட்டுவலிக்கென்று பதிவில்லாமல் விற்கப்படும் ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மருந்து வகைகளில் இந்த மருந்து அடிக்கடி பிடிபடுகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. ஆனால் விலை மலிவு, வீரியம் அதிகம், இரண்டு நாளில் வலி பறந்துவிடும். வாங்கியவரே நாலு பேருக்குச் சொல்லி விற்றுக் கொடுப்பார், உங்கள் பக்கத்து வீட்டு அக்கா செய்தது போல. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரும் இதைச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் விசாரியுங்கள். சாப்பிட்டால் அவரையும் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்று பெயர். ஒன்று நாலைந்து கிராம்தான் இருக்கும். இவை தினமும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. விடியற்காலையில் அது உச்சத்துக்குப் போகும், நள்ளிரவில் அடங்கிவிடும். இரத்த அழுத்தம் விழாமல், சர்க்கரை இறங்காமல், காய்ச்சலோ அடியோ வந்தால் உடம்பு தாக்குப்பிடிக்கும்படி பார்த்துக்கொள்வது அதுதான். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. இரத்தத்தில் கார்ட்டிசோல் குறைந்தால் உத்தரவு போகும், நிறைய இருந்தால் உத்தரவு நின்றுவிடும்.

டெக்சாமெத்தசோன் இந்தக் கார்ட்டிசோலின் செயற்கை உறவினர். ஆனால் பலம் பல மடங்கு. சுரப்பிகள் ஒரு நாள் முழுக்கச் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய முக்கால் மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஈடாகும். பொட்டலத்தில் வரும் மாத்திரையில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பது கலந்தவருக்கே தெரியாது.

ஒரு வீட்டுக்குத் தினமும் மூன்று வேளையும் வெளியிலிருந்து சாப்பாடு வந்து இறங்குகிறது என்று வையுங்கள். வேண்டியதைவிட அதிகமாகவே வருகிறது. அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? மாதக்கணக்கில் எரியாது. சட்டி பானை பரணுக்குப் போய்விடும், எரிவாயு தீர்ந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு நாள் சாப்பாடு வரவில்லை என்றால் அன்று வீடே பட்டினிதான். உங்கள் அம்மாவின் அட்ரினல் சுரப்பிகளுக்கு நடந்தது இதுதான். இரண்டரை வருடமாக வெளியிலிருந்து ஸ்டெராய்டு வந்துகொண்டிருந்ததால் பிட்யூட்டரி உத்தரவு போடுவதை நிறுத்தியது, சுரப்பிகள் சுருங்கித் தூங்கிப்போயின. நீங்கள் மாத்திரையைக் குப்பையில் போட்ட நாலு நாளில் உடம்பில் கார்ட்டிசோல் இல்லாமல் போய்விட்டது. வாந்தி, தலைசுற்றல், எழ முடியாத அசதி எல்லாம் அதனால் வந்தவை. இரத்த அழுத்தமும் உப்பும் சர்க்கரையும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது. நீங்கள் எவ்வளவு விளிம்பு வரை போய்த் திரும்பினீர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: மாத்திரை சாப்பிட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்தது மருந்து ஒத்துக்கொண்டதால் அல்ல. சொந்தச் சுரப்பி வேலை செய்யாமல் போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை. நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகப்பட்டது மிகச் சரி. இரண்டரை வருடத்தில் அந்த வீட்டில் சந்தேகப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

முகம் உருண்டது, வயிறு பெருத்துக் கை கால் மெலிந்தது, தோல் மெலிந்து கன்றிப் போவது, இனிப்புநீர், இரத்த அழுத்தம், இவையெல்லாம் ஸ்டெராய்டு அளவுக்கு மீறி இருந்ததன் விளைவுகள். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் 1932-ல் இந்த அறிகுறிகளைத் தொகுத்து எழுதினார், அவர் பெயரிலேயே குஷிங் நோய்க்குறி என்கிறோம். அவர் பார்த்தது பிட்யூட்டரியில் கட்டி வந்தவர்களை. இன்று உலகம் முழுக்க இந்த உருவ மாற்றம் வருவதற்குப் பெரும் காரணம் வெளியிலிருந்து உள்ளே போகும் ஸ்டெராய்டுதான். தரையிலிருந்து எழ முடியாததற்கும் முட்டியை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். ஸ்டெராய்டு முதலில் அரிப்பது தொடைத் தசையையும் தோள் தசையையும். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, தலைக்கு மேல் கை தூக்கிக் கொண்டை போடுவது, இவை சிரமமானால் அது மூட்டு அல்ல, தசை.

ஆக, உங்கள் அம்மாவுக்கு உடம்பில் ஸ்டெராய்டு மிஞ்சிய அடையாளம், சுரப்பியில் பற்றாக்குறை, இரண்டும் ஒரே நேரத்தில். இது வீட்டாரை மட்டுமல்ல, டாக்டர்களையும் குழப்பும். காலை எட்டு மணிக்கு இரத்தத்தில் கார்ட்டிசோல் பார்ப்பார்கள். டெக்சாமெத்தசோன் அந்தப் பரிசோதனையில் கார்ட்டிசோலாகத் தெரியாது. அதனால் ஆளைப் பார்த்தால் கார்ட்டிசோல் பொங்கி வழிவது போல இருக்கும், தாளில் எண் அடிமட்டத்தில் இருக்கும். இந்த முரண்பாட்டைப் பார்த்த உடனே எங்களுக்கு ஜாமு ஞாபகம் வரும்.

தைராய்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஆட்களிடம் உடம்பு பெருத்தால் "தைராய்டா பாரு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பார்ப்பது தப்பில்லை. ஆனால் தைராய்டு குறைந்தால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதோடு குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், தோல் வறண்டு தடிக்கும், பேச்சும் நடையும் மந்தமாகும். வயிறு மட்டும் பெருத்துக் கை கால் குச்சியாகாது, தோல் மெலிந்து கன்றாது. தைராய்டு அதிகமானால் எடை குறையும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உங்கள் அம்மாவின் தைராய்டு சரியாக இருக்கிறது என்று சொன்னது உண்மைதான். தேட வேண்டிய இடம் கழுத்து அல்ல, சிறுநீரகத்தின் தலைப்பக்கம்.

பல வருடமாகப் பினாங்கில் ஹார்மோன் நோயாளிகளைப் பார்க்கிறேன். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை. "ஜாமு, மாஜுன், நாட்டு மருந்து, யாராவது கொடுத்த மாத்திரை?" என்று கேட்டால் கொஞ்சம் தயங்கி, மகளைப் பார்த்து, பிறகு கைப்பையைத் திறப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனதில் அது மருந்தே அல்ல, 'இயற்கை'. திட்டுவார்கள் என்ற பயமும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு அந்தப் பயம் இருந்தால், திட்டும் டாக்டரிடம் நீங்கள் முன்னால் நின்று பேசுங்கள். வலி தாங்காமல் நிவாரணம் தேடியவரைத் திட்ட யாருக்கும் உரிமை இல்லை.

அப்புறம் சிகிச்சை எப்படி இருக்கும்? கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) 1 ரிங்கிட் கட்டணத்தில் பார்த்து, தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அம்மா தளர்ந்திருந்தால் நேராக மருத்துவமனையே நல்லது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மாத்திரையை, உடம்பு இயல்பாகச் சுரக்கும் அளவுக்கு, காலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் கொடுப்பார்கள். "ஸ்டெராய்டால் வந்த நோய்க்கு மறுபடி ஸ்டெராய்டா?" என்று தம்பி கேட்பான். அளவுதான் வித்தியாசம். வெளிச்சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் வீட்டில் அடுப்பு மூட்டும் எண்ணம் வரும். மாதக்கணக்கில் குறைத்து, இடையிடையே சினாக்தென் என்ற ஊசி போட்டுச் சுரப்பி விழித்துவிட்டதா என்று சோதிப்பார்கள். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். நடுவில் யாராவது "இவ்வளவு நாள் ஆங்கில மருந்து வேண்டாம்" என்று சொல்லி நிறுத்த வைத்தால் பழைய கதைதான்.

அந்தக் காலம் முழுக்க ஒரு விதி உண்டு. காய்ச்சல் வந்தால் மாத்திரை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் மருத்துவமனையில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, 100 மில்லிகிராம், உடனே போட வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், அறுவை சிகிச்சை என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதித் தரச் சொல்லி, அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் பர்ஸிலேயே வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டெராய்டு குறையக் குறைய சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கும். சந்தோஷமான விஷயம்தான், ஆனால் அதே பழைய அளவில் இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் தினமும் பார்த்து எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு அடர்த்தியையும் கண்ணையும் ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நெடுநாள் ஸ்டெராய்டு எலும்பை மெலிய வைக்கும், கண்ணில் புரையும் அழுத்தமும் கொண்டுவரும்.

இனி நான் சொல்வது அம்மாவுக்கே நேராகச் சொல்ல வேண்டியது. முட்டி வலி திரும்பி வரும். அதுவும் முன்னைவிட அதிகமாகவே வரலாம், ஸ்டெராய்டு குறையும்போது உடம்பு முழுக்க ஒரு குத்துவலி வருவது உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால்தான் பலர் இரண்டாம் மாதத்தில் பழைய பொட்டலத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்பவர் முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டபோது, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். பார்த்தவர்கள் அதிசயித்துப் போனார்கள், 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க முகம் உருள்வதும் மற்ற தொல்லைகளும் சீக்கிரமே தெரிந்துவிட்டன. அந்த முதல் சில நாளின் அதிசயத்தைத்தான் பொட்டலத்தில் போட்டு விற்கிறார்கள். அம்மா ஏமாளி அல்ல. வலி உண்மையாகவே போனது.

அதனால் வலிக்கு மாற்று ஏற்பாடு முதல் நாளிலிருந்தே வேண்டும். பாராசிட்டமோல், வலி மருந்துக் களிம்பு, முட்டிக்கு எக்ஸ்ரே, ஃபிசியோ சிகிச்சையில் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. உட்கார்ந்தபடி காலை நீட்டி உயர்த்திப் பிடிக்கும் சாதாரணப் பயிற்சியே தசை கரைந்தவருக்குப் பெரிய மருந்து. "வலியைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், டாக்டர்" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தோ, சிறுநீரக நோய்க்கோ மூட்டு நோய்க்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோனோ எடுப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது பலர் உயிரைக் காக்கும் மருந்து. அளவு தெரியாமல், பெயர் தெரியாமல், யாரும் கண்காணிக்காமல் உள்ளே போவதுதான் கெடுதல்.

நாட்டு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மலேசியாவில் பதிவான மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்ற எழுத்துகளும், அதன் பின் எட்டு இலக்கமும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் அந்தக் கடைசி எழுத்து டி (T). மினுமினுக்கும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். எண்ணைப் பொய்யாக அச்சடிப்பவர்களும் உண்டு என்பதால், என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். பெயரே இல்லாத பிளாஸ்டிக் பொட்டலத்துக்கு இந்தக் கேள்வியே எழாது. உங்களிடம் இருப்பதில் ஒன்றிரண்டு மாத்திரையை மாநிலச் சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் கொடுத்துப் புகார் செய்யுங்கள். அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு நிதானமாகச் செய்தால் போதும்.

கடைசியாகத் தண்ணீர்மலை. 513 படி. அடுத்த தைப்பூசத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். தொடைத் தசை இந்த நிலையில் இருக்கும்போது, எலும்பும் மெலிந்திருக்கலாம் எனும்போது, அந்தக் கூட்டத்தில் கால் தடுக்கினால் இடுப்பு முறியும். வெயிலில் மயங்கி விழுந்தால் தூங்கும் சுரப்பி கைகொடுக்காது. அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வரட்டும். அதற்கும் அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போகட்டும். சினாக்தென் ஊசிப் பரிசோதனை சரியாக வந்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார முடிகிறது என்று ஆன பிறகு படியைப் பற்றி மறுபடி எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.